வெஸ்நோத் போர்: தாயக்கட்டையை நம்பாமல் படை நடத்துவது எப்படி

வெஸ்நோத் போர் என்ற கணினி விளையாட்டை 2003ஆம் ஆண்டில் டேவிட் வைட் என்பவர் தொடங்கி வெளியிட்டார். அன்றுமுதல் தன்னார்வலர்களே அதை வளர்த்து வருகிறார்கள். ஜி.பி.எல். என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் இருப்பதால், அதைத் தரவிறக்குவதற்கோ பென் டிரைவில் நகலெடுத்து நண்பருக்குக் கொடுப்பதற்கோ ஒரு சதமும் செலவில்லை. எல்ஃப்கள் என்னும் காட்டுவாசிகளும் ஓர்க்குகள் என்னும் முரட்டு இனத்தவரும் குள்ளர்களும் எழுந்து நடக்கும் எலும்புக்கூடுகளும் வாழும் ஒரு மாயாஜால உலகத்தில், அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நிலப்படத்தின்மீது, நீங்கள் ஒரு சுற்று, எதிரி ஒரு சுற்று என்று முறைவைத்துப் படை நடத்த வேண்டும். உங்கள் படையில் உள்ள ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் உண்டு. அவன் சண்டையில் அனுபவம் சேர்த்து, லெவல் ஏறி, உயிரோடு மிஞ்சினால் அடுத்த களத்துக்கும் உங்களோடு வருவான். வியூக விளையாட்டின் கணக்கும், பாத்திரங்களை வளர்த்தெடுக்கும் விளையாட்டுகளின் பற்றும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான்.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இரண்டாம் கையாக வாங்கிய, தனியான கிராபிக்ஸ் காட் இல்லாத மடிக்கணினியிலும் இது ஓடும். தரவிறக்க வேண்டியது சில நூறு மெகாபைட் மட்டுமே என்பதால், நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். அதன்பிறகு இணையமே தேவையில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போய், பற்றரியும் தீர்ந்து கணினி அணைந்துவிட்டாலும், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்வதால், இழப்பது அந்த ஒரு சுற்று மட்டும்தான்.

ஆனாலும் இதை நிறுவியவர்களில் பலர் சில நாட்களில் அழித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான்: எவ்வளவு யோசித்து ஆடினாலும் கடைசியில் எல்லாவற்றையும் அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது என்பது. இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. இந்த விளையாட்டின் சிறப்பும் எரிச்சலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு அடியும் விழுமா தவறுமா என்பது நிகழ்தகவு. அந்த நிகழ்தகவை மறைக்காமல் உங்கள் முன்னால் எண்ணாக வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணை வாசிக்கப் பழகியவருக்கு இது நேர்மையான விளையாட்டு, பழகாதவருக்கு அநியாயம். எனவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த எண்களைப் பற்றியதாகவே இருக்கும்.

தொடங்கும் முன்

நிறுவியதும் அமைப்புகளுக்குள் சென்று விளையாட்டின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இயல்பான வேகத்தில் எதிரிப் படை ஒவ்வொருவராக நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுமையைச் சோதிக்கும். பயிற்சிக் களத்தைத் தவறாமல் ஆடுங்கள். அதன்பின் இரு சகோதரர்களைப் பற்றிய குறுங்கதைத்தொடரை எடுங்கள். நான்கே களங்கள் கொண்ட அது, புதியவர்களுக்காகவே அமைந்தது. இளவரசன் கொன்ராட் தன் அரியணையை மீட்கும் பெரிய கதைத்தொடர்தான் இந்த விளையாட்டின் முகம் என்றாலும், அது இருபதுக்கும் மேற்பட்ட களங்கள் கொண்டது. முதல் களத்தில் செய்யும் விரயம் பத்தாவது களத்தில் வந்து வாசலில் நிற்கும் என்பதால் அதை முதலில் தொடாதீர்கள்.

விசைப்பலகையில் இரண்டு குறுக்குவழிகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். யூ என்ற எழுத்தை அழுத்தினால் கடைசி நகர்வு திரும்பும். கன்ட்ரோல் விசையோடு வீ எழுத்தை அழுத்தினால், எதிரிகள் அடுத்த சுற்றில் எங்கெல்லாம் வர முடியும் என்பதைப் படத்தில் காட்டும். இரண்டாவதை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நிலம்

அடி விழும் வாய்ப்பு அடிப்பவனைப் பொறுத்ததல்ல, அடிவாங்குபவன் நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. இந்த ஒரு விதியை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. சாதாரண மனித வீரன் புல்வெளியில் நின்றால் அவனுக்கு 40 சதவீதத் தற்காப்பு, அதாவது அவன்மீது வரும் அடிகளில் 60 சதவீதம் விழும். குன்றிலும் காட்டிலும் 50, கிராமத்திலும் கோட்டையிலும் உயர்ந்த மலையிலும் 60. ஆழமற்ற நீரில் நிற்பவனுக்கோ வெறும் 20தான். குள்ளர்களுக்கு மலையில் 70 சதவீதம் இருந்தாலும் சமவெளியில் 30 ஆகக் குறைந்துவிடும். ஒரு வீரனைத் தெரிவுசெய்து சுட்டியை எந்தக் கட்டத்தின்மேல் கொண்டுபோனாலும் அந்தக் கட்டத்தில் அவனுக்குரிய தற்காப்பு வீதம் எழுந்து நிற்கும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தற்காப்பு கூடிய நிலம் நடப்பதற்குக் கடினமானது என்பதும் கணக்கில் உண்டு. மனித வீரனுக்குப் புல்வெளியில் ஒரு கட்டத்துக்கு ஒரு நகர்வுப் புள்ளி செலவாகும் என்றால், குன்றுக்கும் காட்டுக்கும் இரண்டு, மலைக்கு மூன்று செலவாகும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலப்படத்தில் கிட்ட இருப்பது போலத் தெரியும் இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை சுற்று பிடிக்கும் என்பதை, தூரத்தை அல்ல, ஏற்றத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டும்.

இந்த விதியிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள உத்தி, நல்ல நிலத்தில் நீங்கள் நிற்பது மட்டுமல்ல, கெட்ட நிலத்தில் எதிரியை நிற்கவைப்பது. ஆறு ஓடும் களத்தில் ஆற்றைக் கடந்து போகாதீர்கள். உங்கள் வரிசையைக் கரையோரக் கட்டங்களில் நிறுத்திவிட்டு ஒரு சுற்றுக் காத்திருங்கள். கணினி ஆட்டும் எதிரி தன் இழப்பைப் பெரிதாக எண்ணாமல் பாய்ந்து வந்து தாக்கும் குணம் கொண்டது. ஓர்க்குகள் உங்களைத் தொடுவதற்காக நீருக்குள் இறங்கி நிற்பார்கள். உங்கள் முறை வரும்போது ஒவ்வொரு அடியும் 80 சதவீதம் விழும். எதிரியின் இந்த அவசரத்தை இந்த விளையாட்டின் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அது ஓரளவு ஏமாற்றம்தான். ஆனால் எண்ணிக்கையில் எப்போதும் உங்களைவிடக் கூடுதலாக வரும் எதிரியிடம் அந்த முரட்டுத்தனமும் இல்லாவிட்டால், புதியவர் ஒரு களத்தைக்கூடத் தாண்ட மாட்டார்.

வரிசை அமைக்கும்போது ஒரு வசதியைப் பயன்படுத்துங்கள். லெவல் ஒன்றும் அதற்கு மேலும் உள்ள எந்த வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் மறித்து வைத்திருப்பான். அந்தக் கட்டங்களில் ஒன்றில் கால் வைத்த எதிரி அதற்குமேல் அந்தச் சுற்றில் நகர முடியாது. ஆகவே இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தாலும் அவ்வழியே எதிரி ஒரே சுற்றில் ஊடுருவிச் செல்ல இயலாது. லெவல் பூச்சியத்தில் உள்ள குடியானவர்களுக்கு இந்த மறிக்கும் ஆற்றல் இல்லை. நழுவிச் செல்லும் திறமை பெற்ற சில எதிரிகளை இது தடுக்கவும் செய்யாது.

பகலும் இரவும்

ஒரு நாள் ஆறு சுற்றுகளாக ஓடுகிறது: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் யாமம், இரண்டாம் யாமம். மனிதர்களில் பெரும்பாலோர் ஒழுங்கைச் சார்ந்தவர்கள். காலையிலும் பிற்பகலிலும் அவர்களது தாக்குதல் 25 சதவீதம் கூடும், இரவில் 25 சதவீதம் குறையும். ஓர்க்குகளுக்கும் பிணப்படைகளுக்கும் இது தலைகீழ். எல்ஃப்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

ஸ்பியர்மன் என்னும் ஈட்டி வீரனை எடுத்துக்கொள்வோம். அவனது ஈட்டி ஒரு தாக்குதலில் மூன்று தடவை குத்தும். ஒவ்வொரு குத்தும் 7. எதிரே நிற்பவன் ஓர்க் கிரண்ட். அவனது வாள் இரண்டு தடவை வெட்டும், ஒவ்வொரு வெட்டும் 9. காலையில் ஈட்டிக்குத்து 9 ஆக உயரும், ஓர்க்கின் வெட்டு 7 ஆகக் குறையும். எல்லாம் விழுந்தால் நீங்கள் கொடுப்பது 27, வாங்குவது 14. அதே இருவர் இரவில் மோதினால் ஈட்டி 5, வாள் 11. நீங்கள் கொடுப்பது 15, வாங்குவது 22. அதே வீரன், அதே எதிரி, அதே நிலம். நேரம் மட்டும் மாறியிருக்கிறது. அந்தி சாயும்போது பின்வாங்கி, கோட்டையிலும் கிராமங்களிலும் ஒதுங்கி, விடிந்ததும் எதிர்த்தாக்குதல் நடத்துவதே மனிதப் படையை நடத்துபவரின் அடிப்படைத் தாளம். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும் அந்தி வேளையில் முன்னேறுபவர்கள்தான், அடுத்த நாள் காலை அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறார்கள்.

அதிர்ஷ்டத்தின் கணக்கு

மேலே சொன்ன ஈட்டி வீரன், புல்வெளியில் காயப்பட்டு 9 உயிர்ப் புள்ளியோடு நிற்கும் ஓர்க்கைக் காலையில் தாக்குகிறான் என்று வையுங்கள். ஒரு குத்து விழுந்தாலே ஓர்க் செத்தான். மூன்று குத்துகளும் தவறுவதற்கான வாய்ப்பு 0.4ஐ மூன்று தடவை பெருக்கினால் வருவது, அதாவது 6.4 சதவீதம். மீதி 93.6 சதவீதம் உங்கள் பக்கம். இதைப் பார்த்ததும் "இது நிச்சயம்" என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் 6.4 சதவீதம் என்பது ஏறத்தாழ பதினாறு தடவைக்கு ஒரு தடவை. ஒரு களத்தில் இப்படி இருபது "நிச்சயமான" தாக்குதல்களை நடத்தினால், அவற்றில் ஒன்றாவது முழுக்கத் தவறுவதற்கான வாய்ப்பு 73 சதவீதம். ஆகவே அப்படி ஒன்று நடக்கும்போது விளையாட்டு உங்களை ஏமாற்றவில்லை. நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

தாக்குவதற்கு முன் திறக்கும் பெட்டியில், சேதக் கணிப்பு என்ற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால், சண்டை முடிவில் இருவரும் எத்தனை உயிர்ப் புள்ளிகளோடு இருப்பார்கள் என்பதை ஒவ்வொரு வாய்ப்பாகப் பிரித்துக் காட்டும். புதியவர்கள் எதிரி சாவதற்கான வாய்ப்பை மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் உங்கள் வீரன் சாவதற்கான வாய்ப்பை முதலில் பாருங்கள். பிறகு, மனதுக்குள் இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் தாக்குதல் அடியோடு தவறினால் என் வரிசை என்னவாகும்? பதில் "ஒன்றும் ஆகாது, இன்னொருவன் இருக்கிறான்" என்றால் தாராளமாகத் தாக்கலாம். பதில் "தலைவன் தனித்துவிடுவான்" என்றால், வாய்ப்பு 90 சதவீதமாக இருந்தாலும் தாக்காதீர்கள்.

தலைவனைப் பற்றிய கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவன் செத்தால் களமே தோல்வி. தலைவனிடம் 30 உயிர்ப் புள்ளி இருக்கிறது, இரவு நேரம், இரண்டு ஓர்க் கிரண்டுகள் அவனைத் தொடும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் மொத்தம் நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றும் 11. மூன்று விழுந்தால் 33, தலைவன் முடிந்தான். அவன் புல்வெளியில் நின்றால் நான்கில் குறைந்தது மூன்று விழுவதற்கான வாய்ப்பு 48 சதவீதத்தை நெருங்கும். கோட்டைக்குள் நின்றால் அது 18 சதவீதமாகக் குறையும். எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றினாலும், ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும் இந்த அபாயத்தை ஏற்று யாரும் இரண்டு மணி நேர உழைப்பைப் பணயம் வைக்கக் கூடாது. அவனைச் சுற்றியுள்ள கட்டங்களில் உங்கள் வீரர்களை நிறுத்தி, ஒரே ஒரு கட்டம் மட்டும் எதிரிக்குத் திறந்திருக்கும்படி செய்தால், ஒரு ஓர்க்கால் அதிகபட்சம் 22தான் கொடுக்க முடியும். வில்லோ மந்திரமோ வைத்திருப்பவனுக்கும் பக்கத்துக் கட்டம் தேவை என்பதால் அவர்களுக்கும் இதே கதிதான். அபாயம் 18லிருந்து பூச்சியத்துக்கு இறங்கிவிடும். நல்ல ஆட்டம் என்பது பெரும்பாலும் இந்த வகை வேலைதான்: வாய்ப்பைக் கூட்டுவதைவிட, கெட்ட வாய்ப்பு வந்து உட்காரும் நாற்காலியை அகற்றிவிடுவது.

மந்திரவாதிகளின் மதிப்பும் இங்கேதான் புரியும். மந்திரத் தாக்குதல் எந்த நிலத்தில் நிற்பவன்மீதும் 70 சதவீதம் விழும். கோட்டைக்குள் 60 சதவீதத் தற்காப்போடு நிற்கும் ஓர்க்கை ஈட்டியால் தாக்கினால் மூன்று குத்துகளும் தவறும் வாய்ப்பு 21.6 சதவீதம். மேஜ் என்னும் மந்திரவாதி தாக்கினால் மூன்றும் தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம் மட்டுமே. மேஜ் ஒருவனைச் சேர்க்க 20 தங்கம் என்பதும், அவனது உடல் மிகவும் மெலிந்தது என்பதும் உண்மை. அவனைப் புல்வெளி எதிரிகள்மீது விரயமாக்காமல், கோட்டையிலும் கிராமத்திலும் பதுங்கியவர்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

யார் முதலில் அடிப்பது

ஒரே எதிரியை மூவர் தாக்கப் போகிறார்கள் என்றால், திருப்பியடி வாங்காதவன் முதலில் போக வேண்டும். ஓர்க் கிரண்டிடம் வில் இல்லை, அம்புக்கு வாளால் திருப்பியடிக்கவும் முடியாது; ஆகவே உங்கள் வில்லாளி அவனைச் சும்மா அடித்துவிட்டு வரலாம். மறுபுறம், டார்க் அடெப்ட் என்னும் சூனியக்காரன் தூரத்திலிருந்து மந்திரம் ஏவுவான். அது இரண்டு தடவை விழுந்தால் எலும்பு நொறுங்கும். ஆனால் அவன் கையில் ஓர் ஆயுதமும் இல்லை. சென்ற விடுமுறையில் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் என் பக்கத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அந்தச் சூனியக்காரன் தனியா நிக்கிறான், என் மேஜால அடிக்கவா?" என்று கேட்டான். "மேஜ் வேணாம்டா தம்பி, அவனும் திருப்பி மந்திரம் போடுவான். ஈட்டிக்காரன அனுப்பு, அவனால ஒண்ணுமே செய்ய ஏலாது" என்றேன். அடுத்த இரண்டு சுற்றுகளில் அவன் எனக்குச் சொல்லாமலே களத்திலிருந்த மற்ற இரு சூனியக்காரர்களையும் அதே வழியில் முடித்துவிட்டான்.

எலும்புக்கூடுகளிடம் ஆயுதத்தை மாற்ற வேண்டும். வெட்டில் 40 சதவீதமும் குத்தில் 60 சதவீதமும் அவை தாங்கிக்கொள்ளும். தடியால் மொத்தும் அடியும் நெருப்பும் 20 சதவீதம் கூடுதலாகப் பாதிக்கும். எல்ஃப் வில்லாளிகளை வைத்துக்கொண்டு எலும்புக்கூட்டுப் படையோடு மோதுவது அம்பை வீணாக்குவதே.

வளர்ப்பதும் இழப்பதும்

சண்டையிட்டால் எதிரியின் லெவல் அளவுக்கு அனுபவம் கிடைக்கும். கொன்றால் அந்த லெவலின் எட்டு மடங்கு கிடைக்கும். லெவல் ஒன்று ஓர்க்கோடு மோதியதற்கு 1, கொன்றதற்கு 8. லெவல் இரண்டு என்றால் 2, 16. ஆகவே எதிரியை அடித்து நொறுக்குபவன் யார் என்பது முக்கியமல்ல, கடைசி அடி யாருடையது என்பதுதான் முக்கியம். ஈட்டி வீரர்கள் எதிரியை ஒற்றை அடிக்குக் கொண்டுவந்து நிறுத்திய பின், வரிசைக்குப் பின்னாலிருந்து மேஜை அழைத்துக் கடைசி அடியைக் கொடுங்கள். அவன் லெவல் இரண்டாகும்போது வைட் மேஜாக மாற்றினால், பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் 8 உயிர்ப் புள்ளி ஏற்றுவான், நஞ்சையும் நீக்குவான். நஞ்சு நீங்கும் அந்தச் சுற்றில் மட்டும் உயிர் ஏறாது. எந்தக் கதைத்தொடரிலும் முதல் சில களங்களுக்குள் குணப்படுத்துபவர் இருவரையாவது உருவாக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆளையே விழுங்கும் வாள்வீரன் ஒருவனை வளர்ப்பதில் கிடைக்கும் கிளுகிளுப்பு இதில் இல்லை. ஆனால் அந்த வாள்வீரன் ஓர் இரவில் செத்தால் எல்லாம் போயிற்று.

லெவல் ஏறும் கணத்தில் உயிர் முழுதாக நிரம்பும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு ஓரிரு புள்ளி மட்டுமே குறைவாக உள்ளவனை, காயத்தோடு இருந்தாலும் முன்வரிசையில் நிறுத்தலாம். எதிரி வந்து தாக்குவதே அவனுக்கு அனுபவத்தைக் கொடுத்துவிடும். இது ஒரு துணிச்சலான உத்தி. 18 சதவீதக் கணக்கை மறந்துவிட்டுச் செய்யக் கூடாது.

இனிப் பணம். பழைய வீரன் எந்த லெவலில் இருந்தாலும் அவனை மீண்டும் அழைக்க 20 தங்கம். புதிய ஈட்டி வீரன் 14. லெவல் இரண்டு, மூன்றில் உள்ளவனை 20க்கு அழைப்பது பெரும் இலாபம். ஆனால் கொஞ்சம் அனுபவம் மட்டுமே சேர்த்த லெவல் ஒன்று ஈட்டி வீரனைப் பாசத்தால் அழைப்பது 6 தங்க நட்டம். அழைத்த பிறகும் செலவு உண்டு. ஒவ்வொரு வீரனும் சுற்றுக்குத் தன் லெவல் அளவுக்குத் தங்கம் உண்பான். உங்கள் கையிலுள்ள ஒவ்வொரு கிராமமும் ஒரு லெவலின் செலவை ஏற்கும், அதோடு 1 தங்கமும் தரும். அடிப்படை வருமானம் 2. உங்களிடம் 8 கிராமங்களும், லெவல் ஒன்றில் ஆறு பேரும் லெவல் இரண்டில் இருவரும் இருந்தால், மொத்த லெவல் 10. கிராமங்கள் 8ஐ ஏற்க, மீதி 2 உங்கள் தலையில். வருமானம் 2 கூட்டல் 8, கழித்தல் 2, ஆக 8. இரண்டு கிராமங்களை எதிரியின் குதிரைக்காரன் பறித்துக்கொண்டால் அது 4 ஆகிவிடும், ஏனெனில் வருமானமும் குறைகிறது, செலவும் கூடுகிறது. எல்லைக் கிராமங்களைக் காக்க ஒரு மலிவான வீரனை ஒதுக்குவது வீண் அல்ல.

பலரின் கழுத்தையும் அவர்களுக்குத் தெரியாமலே நெரிப்பது, களத்துக்குக் களம் கொண்டுபோகும் பணம். பெரும்பாலான களங்களில் மீதமிருக்கும் தங்கத்தில் 40 சதவீதம்தான் உங்களோடு வரும். சுற்றுகள் மிச்சமிருக்க முடித்தால், மிச்சமான ஒவ்வொரு சுற்றுக்கும் களத்திலுள்ள கிராமங்களின் எண்ணிக்கையோடு 2ஐக் கூட்டிக் கொடுப்பார்கள். உதாரணமாக 12 கிராமங்கள் உள்ள களத்தை 5 சுற்று முன்னதாக 100 தங்கத்தோடு முடித்தால், மேலதிகம் 70. மொத்தம் 170இல் 40 சதவீதம் 68. ஆனால் பல களங்களில் அடுத்த களத்துக்கென ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறார்கள். அது 100 என்றால், உங்கள் 68 அதற்குள் கரைந்துவிடும். நீங்கள் சிக்கனமாக இருந்ததற்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே பெருந்தொகை மிஞ்சப் போவதில்லை என்று தெரிந்ததும் கஞ்சத்தனத்தை விட்டு, கையிலிருப்பதைச் செலவழித்து ஆட்களைச் சேர்த்து, வளர்ந்த வீரர்களின் உயிரைக் காப்பாற்றுங்கள். இந்தப் பண ஏற்பாடு விளையாட்டின் மிக மோசமான வடிவமைப்பு என்றே நான் நினைக்கிறேன். தோற்கத் தொடங்கியவனை மேலும் தோற்கச் செய்கிறது, அதையும் நாலைந்து களங்கள் கழித்தே தெரியப்படுத்துகிறது.

கொன்ராடின் முதல் களம்

குறுங்கதையை முடித்துவிட்டுக் கொன்ராடின் கதைக்கு வருபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் களத்தில் எல்ஃப்களின் காட்டை ஓர்க்குகள் முற்றுகையிட்டிருப்பார்கள். கொன்ராட் வடமேற்கிலுள்ள வழிகாட்டிப் பலகையை அடைந்து தப்ப வேண்டும் என்பதே குறிக்கோள். எதிரித் தலைவர்களைக் கொல்லச் சொல்லவில்லை. அங்கே வீரம் காட்டப் போகிறவர்கள் தங்கத்தையும் இழந்து, பிற்பாடு தேவைப்படும் ஆட்களையும் இழப்பார்கள். காட்டுக்குள்ளேயே வடமேற்காக நகருங்கள், மரத்தடியில் எல்ஃப்களை அடிப்பது கடினம். ஓரிருவரைப் பின்காவலாக நிறுத்துங்கள். முதிய மந்திரவாதி டெல்ஃபடோரை முன்னே விட்டுவிடாதீர்கள், அவர் இறந்தாலும் தோல்வியே.

சேவ் செய்ததைத் திரும்ப எடுப்பது

அடி தவறும் ஒவ்வொரு தடவையும் சேமித்த இடத்துக்குத் திரும்பி, விழும்வரை அடித்துக்கொண்டிருக்க விளையாட்டு உங்களைத் தடுக்காது. ஆனால் அப்படி ஆடுபவருக்கு நிலமும் நேரமும் வரிசையும் எதற்கு என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். பிந்திய களங்கள் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை இது: ஒரு தாக்குதலுக்காகத் திரும்புவதில்லை, களம் கைவிட்டுப் போய்விட்டால் அதன் தொடக்கத்துக்குத் திரும்புவேன், தொடக்கமே வறுமையாக இருந்தால் அதற்கு முந்தைய களத்துக்கு. ஒவ்வொரு களத்தின் தொடக்கமும் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், இடம் போதவில்லை என்று பழைய சேமிப்புகளை அழிக்கும்போது அவற்றை மட்டும் விட்டுவையுங்கள். தற்செயலின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒரு தெரிவும் புதிய பதிப்புகளில் கதைத்தொடரைத் தொடங்கும் திரையில் இருக்கிறது. அதைப் போட்டு ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற எரிச்சல்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆள் சேர்க்கத் தலைவன் கோட்டையின் மையத்தில் நிற்க வேண்டும் என்பதால் அவன் போர்முனைக்கும் கோட்டைக்கும் இடையே அலைவான். முதல் இரண்டு சுற்றிலேயே பணத்தைச் செலவழித்துவிட்டு அவனை நகர்த்துங்கள். முன்னறிவிப்பின்றி உங்கள் முதுகுப்புறத்தில் எதிரி தோன்றும் களங்கள் சில உண்டு. கிராமமொன்றில் ஒருவனை எப்போதும் பின்னால் விட்டுவையுங்கள். கதைத்தொடர்களை வெவ்வேறு தன்னார்வலர்கள் எழுதியதால் தரமும் சமமாக இல்லை. ஒன்று பிடிக்காவிட்டால் விளையாட்டையே வெறுக்காமல் அடுத்ததை எடுங்கள்.

வீட்டில் ஒரே மடிக்கணினிதான் இருக்கிறதென்றால், பலர் ஆடும் பகுதியில் உள்ளூர் ஆட்டத்தைத் தெரிவுசெய்து இருவரும் மாறி மாறி ஒரே கணினியில் ஆடலாம். இரண்டு கணினிகள் இருந்தால், ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டில் இரண்டையும் இணைத்து, ஒருவர் ஆட்டத்தை நடத்த மற்றவர் சேர்ந்துகொள்ளலாம், டேட்டா செலவாகாது. இருவரிடமும் ஒரே வரிசைப் பதிப்பு இருக்க வேண்டும், 1.18 வைத்திருப்பவரோடு 1.16 வைத்திருப்பவர் சேர முடியாது. அதனால் பென் டிரைவில் நிறுவும் கோப்பையும் எடுத்துக்கொண்டே நண்பர் வீட்டுக்குப் போங்கள்.